வாட் கணக்கு பாத்து முன்சக்கர டயர் வாங்காதீங்க

மலைப்பாதையில சைக்கிள் ஓட்டுற தம்பி ஒருத்தர் இன்பாக்ஸில் ஒரு அட்டவணை அனுப்பியிருந்தார். மவுண்டன் பைக் டயர்களைச் சோதிச்சு, எது லேசா உருளுதுன்னு வரிசைப்படுத்தின பட்டியல்.

"டாக்டர், இதுல மொத எடத்துல இருக்குற டயரை ரெண்டு சக்கரத்துக்கும் போட்டுடலாமா?"

என் பதில்: பின்சக்கரத்துக்குத் தாராளமா போடுங்க தம்பி. முன்சக்கரத்துக்கு வேண்டாம்.

ஏன்னு ரெண்டு வரியில சொல்ல வரல. அதனால இந்த த்ரெட். கொஞ்சம் நீளம்தான், டீ எடுத்து வெச்சுக்கங்க. சைக்கிள் ஓட்டாதவங்களும் படிக்கலாம். "ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது"ன்னு போட்டு விக்கிற எந்தப் பொருளுக்கும் இதே கேள்விகள்தான்.

டாக்டருக்கு டயரைப் பத்தி என்ன தெரியும்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. நான் மெக்கானிக் கிடையாது. எம்.பி.பி.எஸ் முடிச்சிட்டு அரசு மருத்துவமனையில டியூட்டி பாக்குற ஆள். லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுப்பேன், அவ்ளோதான். ஆனா ஒரு சோதனை முடிவைக் கையில கொடுத்தா அதை எப்படிப் படிக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்காங்க. மாத்திரையோ டயரோ, முதல்ல கேக்க வேண்டியது ஒண்ணுதான். இவங்க அளந்தது எதை? எனக்கு வேண்டியது எது?

சரி, இவங்க எதை அளக்குறாங்க?

ஒரு பெரிய இரும்பு உருளை. அதை டிரம்னு சொல்வாங்க. மேல மேடு மேடா வார்ப்பு போட்ட தகடு. அதுமேல டயரை அழுத்தி வெச்சு ஓட விடுவாங்க. சைக்கிள் உலகத்துல ரொம்பப் பேர் நம்பிப் பாக்குற பைசைக்கிள் ரோலிங் ரெசிஸ்டன்ஸ் தளத்தோட சோதனையில 42.5 கிலோ எடை, மணிக்கு 29 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்துல டயரை உருட்ட எத்தனை வாட் சக்தி செலவாகுதுன்னு எழுதிடுவாங்க. நல்ல பந்தய டயர் ஒண்ணு சுமார் 20 வாட் எடுக்கும். செங்குத்து இறக்கத்துக்குன்னு செய்யுற தடிமனான டயர் அதுல இரு மடங்கு வரை போகும்.

இந்தச் சோதனையை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே எடை, ஒரே வேகம், ஒரே உருளை. நாளைக்கு வேற ஒருத்தர் செஞ்சாலும் கிட்டத்தட்ட அதே எண் வரும். கம்பெனிக்காரன் டப்பாவில எழுதுறதைவிட இது ஆயிரம் மடங்கு நேர்மை.

பிரச்சனை எங்க இருக்குன்னா, அந்த எண் பதில் சொல்லாத கேள்விக்கும் நாம அதையே பதிலா எடுத்துக்கறோம்.

மலைப்பாதையில ஒரு டயர் செய்ய வேண்டிய வேலை ரெண்டு. உருளணும். பிடிக்கணும். ஈரமான மரவேர் மேல, சரளைக்கல் கொட்டின வளைவுல, களிமண் சேத்துல வழுக்காம பிடிக்கணும். உருளுறதை டிரம்ல வெச்சு அளந்துடலாம். பிடிப்பை அப்படி அளக்க முடியாது. ஏன்னா எந்தத் தரையில பிடிக்கணும்? வேருக்கு நல்லா இருக்குற டயர் காஞ்ச சரளையில சறுக்கும். ஆன்டிபயாடிக் மாதிரின்னு வெச்சுக்கங்க. "எது பெஸ்ட் ஆன்டிபயாடிக்?"னு கேட்டா எந்த டாக்டராலயும் பதில் சொல்ல முடியாது. எந்தக் கிருமிக்குன்னு கேப்போம். கல்ச்சர் டெஸ்ட் எடுக்கறது அதுக்குத்தான்.

அதனால என்ன ஆகுது? அளக்க முடிஞ்சது அட்டவணையில வருது. அளக்கக் கஷ்டமானது "பிடிப்பு: நன்று"ன்னு ஒரு வார்த்தையில முடிஞ்சு போகுது. படிக்கிறவர் கண்ணு எண் இருக்குற பக்கம்தானே போகும்?

இன்னொரு விஷயம் இருக்கு. இதுதான் முக்கியம்.

ரப்பரை அமுக்கினா அது உள்ள போய்த் திரும்பி வருது. சில ரப்பர் பந்து மாதிரி உடனே துள்ளி வரும். சிலது மெதுவா, சோம்பலா திரும்பி வரும். இந்தச் சோம்பலுக்கு ஹிஸ்டெரிசிஸ்னு பேரு. மெதுவா வர்ற ரப்பர் ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் சக்தியைச் சூடா மாத்தி வீணாக்கும். டிரம்ல மார்க் குறையும். ஆனா அதே சோம்பல்தான் கல்லோட கரடுமுரடுக்குள்ள ரப்பரை இறங்கி ஒட்டிக்கிட்டு நிக்க வைக்கும். டிரம்ல தண்டனை வாங்குற குணம்தான் ஈரப்பாறையில உங்களைக் காப்பாத்துது!

முழுசா அப்படியேன்னு சொல்ல மாட்டேன். டயரோட துணி மெலிசா இருந்தாலும் நல்லா உருளும், பட்டன் சின்னதா இருந்தாலும் உருளும். நல்ல கம்பெனிகள் நடுவுல கெட்டி ரப்பரும் ஓரத்துல மெது ரப்பரும் போட்டு ரெண்டையும் கொஞ்சம் சமாளிக்கிறாங்க. ஆனாலும் பொதுவா, உருளுற பட்டியலோட உச்சியில இருக்குறது எதையோ விட்டுக்கொடுத்துட்டுத்தான் அங்க போயிருக்கு.

எங்க துறையில இதுக்கு ஒரு பழைய கதை உண்டு. மெடிக்கல் ஸ்டூடண்ட் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்குற கதை.

மாரடைப்பு வந்து பிழைச்சவங்க சிலருக்கு ஈசிஜி-யில இடையிடையே தப்புத் துடிப்பு வரும். அது நிறைய இருக்குறவங்க திடீர்னு இறந்து போற வாய்ப்பு அதிகம்னும் தெரியும். என்கைனைடு, ஃப்ளெகைனைடுன்னு ரெண்டு மருந்து. கொடுத்தா அந்தத் துடிப்பு அழகா அடங்கிடும். ஈசிஜி பாத்தா டாக்டருக்கும் சந்தோஷம், பேஷன்டுக்கும் சந்தோஷம். அப்புறம் அமெரிக்காவில காஸ்ட்னு ஒரு ஆய்வு நடத்தினாங்க. ஈசிஜி-யை விட்டுட்டு, ஆள் உயிரோட இருக்காரான்னு எண்ணினாங்க. 1991-இல் முழு முடிவு வந்தது. மருந்து சாப்பிட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தாங்க. மருந்தே இல்லாத வெத்து மாத்திரை சாப்பிட்ட 743 பேரில் 26 பேர்.

ஈசிஜி பொய் சொல்லல. துடிப்பு நிஜமாவே அடங்கியிருந்தது. நமக்கு வேண்டியது அது இல்ல, அவ்ளோதான்.

டயர் ஆளைக் கொல்லும்னு பயமுறுத்த வரல. மலைச்சைக்கிள் ஓட்டுறவருக்கு வாட் என்பது ஈசிஜி மாதிரின்னு சொல்ல வர்றேன். அவருக்கு நிஜமா வேண்டியது, மேல போய்ட்டு முழுசா கீழ வந்து சேர்றது.

இப்ப முன்சக்கரம், பின்சக்கரம் கதைக்கு வருவோம்.

பின்சக்கரம் வழுக்கினா வால் ஆடும். காலை ஊனலாம், ஹேண்டிலைத் திருப்பிச் சமாளிக்கலாம். பழகின பசங்க வேணும்னே பின்சக்கரத்தை வழுக்க விட்டு வளைவு எடுப்பாங்க. முன்சக்கரம் வழுக்கினா அந்த அவகாசமே கிடையாது. என்ன நடக்குதுன்னு புரியறதுக்குள்ள தோள் தரையில இருக்கும். தோள்ல விழுந்தா காறை எலும்பு முறியும். கையை ஊனினா மணிக்கட்டு. கேஷுவாலிட்டிக்கு வர்ற சைக்கிள் பசங்க சொல்றது முக்கால்வாசி ஒரே வாக்கியம்தான்: "முன்னாடி வழுக்கிடுச்சு சார்."

மணிக்கட்டுன்னு வந்ததால ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன், இதை மட்டுமாவது ஞாபகம் வெச்சுக்கங்க. கட்டைவிரலை நல்லா விரிச்சா மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் குழி விழும். கையை ஊனி விழுந்த பிறகு அந்தக் குழியில அமுக்கினா வலிக்குதுன்னா ஸ்காஃபாய்ட்ங்கிற சின்ன எலும்பு முறிஞ்சிருக்கலாம். முதல் நாள் எக்ஸ்-ரேயில அது தெரியாமலும் போகும். "எக்ஸ்-ரே நார்மல், சுளுக்குதான்"னு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு இருக்காதீங்க. கட்டு போட்டு 10 முதல் 14 நாளில் திரும்ப எக்ஸ்-ரே எடுக்கணும். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் சுத்தி வளைச்சுப் போறதால, கவனிக்காம விட்டா சேராமலே போயிடும்.

சரி, முன்னாடி நல்லா பிடிக்கிற டயர் போட்டா எவ்வளவு நஷ்டம்? கணக்கே போட்டுப் பாத்துடலாம்.

டிரம்ல ரெண்டு டயருக்கும் வித்தியாசம் 20 வாட்டுன்னு வைப்போம். அது 29 கிலோமீட்டர் வேகத்துல. மலை ஏறும்போது யாருங்க 29-ல போறது? 10-ல போனா பெரிய விஷயம். உருளுறதுக்கு ஆகுற செலவு வேகத்தோட சேர்ந்து குறையும். 20 வாட் அங்க 7 வாட் ஆகிடும். அடுத்து எடை. ஆளும் வண்டியும் சேர்த்து 85 கிலோன்னா முன்சக்கரத்துல விழுறது சுமார் 40 சதவீதம், 34 கிலோ. டிரம்ல வெச்சது 42.5. அதையும் கழிச்சா மிச்சம் ஐந்தரை வாட். நம்ம மாதிரி சாதாரண ஆள் ஏறும்போது மிதிக்கிறது 150 வாட்டுன்னா நஷ்டம் 4 சதவீதத்துக்கும் கீழ. ஒரு மணி நேர ஏத்தத்துல ரெண்டு நிமிஷம், கொஞ்சம் கூடக்குறைய. மண்ணுல இது கொஞ்சம் மாறும், ஆனா தலைகீழா மாறிடாது.

காறை எலும்பு முறிஞ்சா கையைத் தூக்குல போட்டுக்கிட்டு வாரக்கணக்கில உக்காரணும். ரெண்டு நிமிஷத்துக்கும் அதுக்கும் நடுவுல நீங்களே முடிவு பண்ணிக்கங்க. பின்சக்கரத்துல எடை அதிகம், அங்க வாட்டைப் பாத்து வாங்கறதுல அர்த்தம் இருக்கு. பட்டியலை வெச்சுப் பின் டயர் வாங்குங்க. ஏன் அப்படிச் சொன்னேன்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

டிரம் விட்டுவிடுற இன்னொண்ணு காத்து.

டிரம்ல காத்து எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லா உருளும். இதைப் படிச்சிட்டு நம்ம பசங்க டயரைக் கல்லு மாதிரி ஏத்திக்கிட்டு காட்டுக்குள்ள போறாங்க. டிரம்ல மனுஷன் உக்காந்திருக்க மாட்டான் பாருங்க. நிஜப் பாதையில கல்லு டயரைத் தூக்கும், டயர் வண்டியைத் தூக்கும், வண்டி உங்களைத் தூக்கும். நம்ம உடம்பு தசையும் கொழுப்பும் குடலும் நிறைஞ்ச ஒரு பை. அது குலுங்கும்போது உள்ளுக்குள்ள உரசி சக்தி சூடா வீணாகும். அந்தச் சக்தியும் உங்க கால்ல இருந்துதான் வந்தது. பைசைக்கிள் குவாட்டர்லி இதழ் நடத்துற ஜான் ஹைன், நெடுஞ்சாலை ஓரத்துல தூங்குற டிரைவரை எழுப்பறதுக்குப் போட்டிருக்குற வரிமேடு மேலயும், பக்கத்துல வழவழ தார்லயும் ஒரே வேகத்துல ஓட்டி அளந்து பாத்தார். மேட்டுமேல தேவைப்பட்ட சக்தி எக்கச்சக்கம். காத்து குறைவா இருந்தா டயரே கல்லை விழுங்கிடும், உடம்பு குலுங்காது. பிடிப்பும் கூடும்.

எவ்வளவு குறைக்கலாம்? ட்யூப் இல்லாத டயர், 2.4 இன்ச் அகலம், ஆள் 65 கிலோன்னா முன்னாடி 20 முதல் 22, பின்னாடி 23 முதல் 25 பிஎஸ்ஐ-ல ஆரம்பிச்சுப் பாருங்க. ட்யூப் இருந்தா சில பிஎஸ்ஐ கூட வைக்கணும். இல்லன்னா கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல ட்யூப் நசுங்கி ரெண்டு ஓட்டை விழும். அதுக்கு சைக்கிள்காரங்க வெச்ச பேரு பாம்புக்கடி பஞ்சர். (எனக்கு நிஜப் பாம்புக்கடி டியூட்டியே போதும்.)

டிரம் வேண்டாம்னா, மனுஷங்க ஓட்டிப் பாத்து எழுதுற சோதனை? அதுதான் ஆரம்பம். 1976-இல் கலிபோர்னியாவில ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்துல ரீபேக்னு ஒரு மண்பாதையில பசங்க பழைய சைக்கிளை இறக்கத்துல விட்டு, கடிகாரம் வெச்சு யார் சீக்கிரம் வந்தாங்கன்னு பாத்தாங்க. பிரேக் சூடாகி ஹப்ல இருக்குற கிரீஸ் புகைஞ்சு போயிடும், ஒவ்வொரு தடவையும் புதுசா அடைக்கணும். ரீபேக்ங்கிற பேரே அதனால வந்தது. டயர், பிரேக், ஆள் எல்லாம் சேர்ந்த ரிசல்ட் அந்த ஒரு நேரத்துல வந்துடும்.

இன்னைக்கு வீடியோ, பத்திரிகைகள்ல வர்ற ஓட்டிப் பாக்குற சோதனைகளைப் படிக்கும்போது எனக்கு மூணு இடம் உறுத்தும்.

டயர் பேரும் விலையும் ஓட்டுறவருக்குத் தெரியும். விலை ஒசந்த டயர்ல அவருக்குத் தைரியம் வரும், தைரியம் வந்தா வேகம் வரும். வெத்து மாத்திரையிலயே தலைவலி குறையுற உடம்பு இது. பட்டன் டிசைனைப் பாத்தாலே எந்த டயர்னு தெரிஞ்சுடும், முழுசா மறைக்க முடியாதுதான். ஆனா காத்து அளவையாவது வேற ஒருத்தர் வெச்சு, சொல்லாம விடலாமே.

அடுத்தது வரிசை. காலையில முதல் டயர், மத்தியானம் அஞ்சாவது டயர். அதுக்குள்ள அந்தப் பாதையோட ஒவ்வொரு கல்லும் ஓட்டுறவருக்கு மனப்பாடம். அஞ்சாவது டயர் வேகமா வந்ததுக்கு டயர் காரணமா, ஆள் பழகினது காரணமா? பாதை காஞ்சிருக்கலாம். வெயில்ல ரப்பர் இளகியிருக்கலாம். கடைசியில முதல் டயரைத் திரும்பப் போட்டு ஒரு தடவை ஓட்டினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துடும். அந்த ஒரு ஓட்டத்தைச் செய்யாத சோதனையை நான் கதையாத்தான் படிப்பேன்.

மூணாவது இந்த வாக்கியம்: "30 தடவை ஓட்டினோம், ஒரு பஞ்சர் கூட ஆகல." கேக்க நல்லாத்தான் இருக்கு. புள்ளியியல்ல ஒரு எளிய விதி உண்டு. ஒரு தடவையும் நடக்காத சம்பவத்துக்கு, 3-ஐ எத்தனை தடவை பாத்தீங்களோ அதால வகுங்க. 3 வகுத்தல் 30, பத்து சதவீதம். அதாவது 30 தடவை பஞ்சரே ஆகாத டயருக்கும் பத்து ஓட்டத்துக்கு ஒரு பஞ்சர் ஆகுற குணம் இருக்கலாம். அந்தச் சோதனை அதை மறுக்கல. "எங்க ஆஸ்பத்திரியில இந்த ஆபரேஷன்ல ஒருத்தருக்குக் கூட சிக்கல் வந்ததில்ல"ன்னு யாராவது சொன்னாலும் முதல்ல "எத்தனை பேருக்குப் பண்ணீங்க?"ன்னு கேளுங்க.

இதுல யாரையும் திட்டிப் பிரயோசனம் இல்ல. டயர் சோதிக்கிறவங்க கையில மருந்துக் கம்பெனி காசா இருக்கு? ஆனா கார் டயருக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க. ஐரோப்பிய யூனியன்ல 2012 நவம்பர் முதல் கார் டயர்ல ஒட்டுற லேபிள்ல எரிபொருள் சிக்கனம் ஒரு பக்கம், ஈரத்துல பிடிப்பு ஒரு பக்கம், ரெண்டுக்கும் தரம் போட்டாகணும். சத்தம் எவ்வளவுன்னும் இருக்கும். சிக்கனத்துக்கு மட்டும் தரம் போட்டிருந்தா கம்பெனிகள் எந்தப் பக்கம் ஓடியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. மலைச்சைக்கிள் டயருக்கும் அப்படி வேணும். எல்லாத் தரைக்கும் வேண்டாம். ஈரமான வழவழக் கல்லு ஒண்ணு, காஞ்ச சரளை ஒண்ணு, ரெண்டே தரையில பிடிப்பை அளந்து வாட் எண்ணுக்குப் பக்கத்துலயே போடட்டும். தோராயமா இருந்தாலும் பரவாயில்ல. அந்தக் கட்டம் காலியா இருக்குன்னு கண்ணுக்குத் தெரிஞ்சாலே போதும்.

இப்ப மலைப்பக்கமே போகாதவங்களுக்கு.

பள்ளிக்கூடம் போற பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசா "எம்டிபி" வாங்கிக் கொடுத்திருப்பீங்க. தடியான பட்டன் டயர், பாக்க கம்பீரமா இருக்கும். அது மண்ணுக்குள்ள குத்தி நிக்கறதுக்காகச் செஞ்ச டயர். தார் ரோட்டுக்குள்ள அதால குத்த முடியாது. ரோட்டைத் தொடுறது பட்டன் நுனி மட்டும்தான், தொடுற ரப்பர் குறைவு. மழை ரோட்டுல திரும்பும்போது பட்டன் மடங்கி வழுக்கும். மிதிக்கவும் கனமா இருக்கும், பிள்ளை மூச்சு வாங்கும். ஸ்கூலுக்கும் டியூஷனுக்கும் மட்டும் ஓட்டுற வண்டின்னா, டயர் தேயும்போது அதே ரிம்முக்குப் பொருந்துற, நடுவுல வழவழப்பான ரோடு டயரா மாத்தச் சொல்லுங்க. ரோட்டுல காத்தும் மலைக்கு வைக்கிறதைவிடக் கூட வேணும், டயர் ஓரத்துல அச்சடிச்ச அளவுக்குள்ள இருந்தா சரி. அப்படியே ஹேண்டில்பார் ரெண்டு நுனியிலயும் ரப்பர் கைப்பிடி கிழியாம இருக்கான்னும் பாருங்க. விழும்போது அந்தக் குழாய் நுனி வயித்துல குத்தி ஈரல், கணையம் அடிபட்டு வர்ற பிள்ளைகள் உண்டு. வெளியில சின்ன வட்டமா ஒரு கன்னிப்புதான் தெரியும். அப்படி இருந்து பிள்ளைக்கு வயிறு வலின்னா தாமதிக்காம கூட்டிட்டு வாங்க.

கடைசியா, அட்டவணை அனுப்பின தம்பி மாதிரி ஆட்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். காசு செலவில்ல.

உங்களுக்குத் தெரிஞ்ச பாதையில ரெண்டு நிமிஷ இறக்கம் ஒண்ணு எடுங்க, நடுவுல ஒரு வளைவு இருக்கணும். நண்பரை விட்டு காத்து வைக்கச் சொல்லுங்க. ரெண்டே அளவு, நாலு பிஎஸ்ஐ வித்தியாசம். எது எதுன்னு அவர் உங்ககிட்ட சொல்லக் கூடாது, நீங்க டயரை அமுக்கியும் பாக்கக் கூடாது. முதல்ல ஒண்ணு, அடுத்த ரெண்டு ஓட்டம் மத்தது, நாலாவது திரும்ப முதல்ல வெச்சது. பழகுறதால வர்ற வேகம் ரெண்டு பக்கமும் சமமாப் பிரிஞ்சுடும். ஒரே கேஜ்ல அளக்கணும், பம்புக்குப் பம்பு மாறும். நேரத்தை எழுதுங்க. வளைவுல முன்சக்கரம் எத்தனை தடவை நழுவுச்சுன்னும் எழுதுங்க. அதுக்கப்புறம்தான் நண்பர் அளவைச் சொல்லணும்.

ஹெல்மெட்டும் கையுறையும் போட்டுக்கிட்டு செய்யுங்க. ரிசல்ட்டை கமென்ட்ல போடுங்க, எத்தனை ஓட்டம்னு சேர்த்து.